ஆவாரங்குளத்துச் சத்திரத்தைப் பாதுகாத்த கதை

ஆவாரங்குளத்துக்காரர்களைப் பற்றிப் பக்கத்து ஊர்களில் யாரிடம் கேட்டாலும், கேட்டவரை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, தாங்கள் ஒரு பாட்டம் சிரித்து முடித்த பிறகுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நல்ல மனிதர்கள்தான். பொய் சொல்ல மாட்டார்கள், அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்பட மாட்டார்கள். சொன்ன பேச்சைக் கேட்பார்கள். அந்தக் கடைசிக் குணத்தால் வந்த வினைதான் இந்தக் கதை.

அந்த ஊரில் ஒரு சத்திரம் இருந்தது. குற்றாலத்துக்கு நடந்து போகிறவர்கள் தங்குவதற்காக யாரோ ஒரு புண்ணியவான் எந்தக் காலத்திலோ கட்டியது. இப்போது குற்றாலத்துக்கு யாரும் நடந்து போவதில்லை. ஆனாலும் சத்திரம் இருந்தது. சத்திரத்துக்கு ஒரு கதவும், கதவுக்கு ஒரு பூட்டும், பூட்டுக்கு ஒரு சாவியும், சாவிக்குக் கோமதிநாயகமும் இருந்தார்கள்.

கோமதிநாயகம் காலையில் சத்திரத்தைத் திறப்பார், பெருக்குவார், மழை பெய்தால் ஒழுகுகிற இடமெல்லாம் பார்த்து வாளி வைப்பார், அந்தியில் பூட்டுவார். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். அவர் ஆசைப்பட்ட வேலையும் அது ஒன்றுதான்.

ஒரு ஐப்பசி மழையில் வடக்குச் சுவர் வயிறு தள்ளி, மேலிருந்து கீழாகப் பிளந்துகொண்டது. கோட்டாட்சியர் அம்மா ஜீப்பில் வந்து பார்த்தார். ஆபத்தான கட்டடம், இடிக்கப்படும் என்று ஒரு அறிவிப்பை ஒட்டச் சொன்னார். கோமதிநாயகம் அந்தக் காகிதத்துக்கு முன்னால் உட்கார்ந்து, ஊரே பார்க்கும்படி அழுதார். அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"அழாதீங்க. பழைய கட்டடங்களை எவ்வளவு அருமையா வச்சிருக்காங்க வெளிநாட்டுல. அங்க எப்படிப் பாதுகாக்கிறாங்களோ அதைப் பார்த்து அப்படியே செய்யுங்க. நானும் மேல எழுதிப் பார்க்கிறேன். தை மாசத்துக்குள்ள ஏதாவது செஞ்சு காட்டினா இடிக்க மாட்டோம்" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வேறு ஊர் என்றால் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஆவாரங்குளத்தில் அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டார்கள். சத்திரக் கமிட்டித் தலைவர் பலவேசத்தின் மருமகன் இசக்கிராஜா அமெரிக்காவில் வேலை பார்த்தான். மாமனார் போன் போட்டு, "மாப்ள, பழைய கட்டடம் பாக்க வாரோம்" என்றபோது, எத்தனை பேர் என்று கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நாலு பேர் போய் இறங்கினார்கள். தலைவர் பலவேசம், இட்லிக் கடை நடத்தும் உலகம்மாள், எட்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் மட்டும் தேறிய செண்பகராமன், இடுப்பில் சத்திரத்துச் சாவியுடன் கோமதிநாயகம்.

இசக்கிராஜா நல்ல பிள்ளை. லீவு போட்டு, பெரிய வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, நாலு பேரையும் ஏற்றினான். கிளம்பும்போது ஒரே ஒரு புத்திமதி சொன்னான்.

"மாமா, அங்க இருக்கிறது எல்லாம் ரொம்பப் பழசு. பழசு எதையும் யாரும் தொட்டுராதீங்க. தொட்டா அந்த இடத்திலேயே வெளிய அனுப்பிருவாங்க."

"நீங்க சொல்லிட்டீகல்லா. தொட மாட்டோம்" என்றார் பலவேசம்.

முதலில் போனது ஒரு கோட்டை. பீரங்கி, மதில், கற்படி எல்லாம் அப்படியே வைத்திருந்தார்கள். படிக்குக் கைப்பிடி இருந்தது. கைப்பிடியும் பழசாக இருந்ததால் நாலு பேரும் கைகளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஏறினார்கள். பாதிப் படியில் பலவேசம் கால் இடறி, சாமி பல்லக்கு இறங்குவதுபோல நிதானமாக, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து கீழே வந்து சேர்ந்தார்.

உலகம்மாள் தூக்கப் போனாள். செண்பகராமன் தடுத்துவிட்டார்.

"தொடாத உலகம்மா. தலைவருக்கு எழுபது முடிஞ்சுட்டு."

"அதுக்கு?"

"பழசு."

எல்லோரும் யோசித்தார்கள். கீழே கிடந்த பலவேசமும் யோசித்தார். "செம்பகம் சொல்லுதது நியாயந்தான். என்னைய விட்டுருங்க. மாப்ள வார வரைக்கும் கெடக்கேன்" என்றார். இசக்கிராஜா டிக்கெட் கவுண்டரிலிருந்து வந்து பார்த்தபோது, மாமனாரைச் சுற்றி மூன்று பேர் கைகட்டி நிற்க, ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அவரையும் காட்சிப் பொருள் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்தது ஒரு கப்பல் வியாபாரியின் மரவீடு. அவர் உட்கார்ந்த நாற்காலி, அவர் எழுதிய மேசை, அவர் மனைவியின் தொப்பி எல்லாம் இருந்தன. வழிகாட்டிப் பெண் ஒரு கட்டிலைக் காட்டி ஏதோ சொன்னாள். செண்பகராமன் மொழிபெயர்த்தார்.

"இந்த வீட்டுக்காரரு இந்தக் கட்டில்லதான் செத்துப்போனாராம்."

அவ்வளவுதான். பலவேசமும் செண்பகராமனும் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். கோமதிநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். உலகம்மாள் முந்தானையை வாயில் வைத்து, "கப்பல் ஓட்டுன ராசாவே, கட்டிலைவிட்டுப் போனீரே" என்று ஒப்பாரி எடுத்தாள். அவள் எடுத்தால் ஆவாரங்குளத்தில் கல்லும் அழும். வழிகாட்டிப் பெண் இத்தனை வருஷமாக அந்தக் கட்டிலைக் காட்டுகிறாள், ஒருவர்கூட அழுததில்லை. அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. பின்னால் வந்த சுற்றுலாக்காரர்கள், இவர்கள் அந்த வியாபாரியின் வம்சாவளியாக இருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, வரிசையாக வந்து கையைப் பிடித்து வருத்தம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"எவ்வளவு மருவாதி தெரிஞ்ச சனம்" என்றார் பலவேசம்.

துட்டி வீட்டில், அதாவது இழவு வீட்டில், சொல்லிக்கொள்ளாமல்தானே கிளம்ப வேண்டும்? நாலு பேரும் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியேறினார்கள். வழிகாட்டிப் பெண் வாசல் வரை ஓடிவந்து, கையை ஆட்டி, அவசியம் மறுபடியும் வாருங்கள் என்றாள். செண்பகராமன் அதையும் மொழிபெயர்த்தார்.

உலகம்மாளுக்கு வந்ததே கோபம். "எழவு வீட்டுக்கு மறுபடி வான்னு சொல்லுதாளே. இன்னும் எத்தனை பேரு போவணும்னு நினைக்கா இவ?"

வண்டிக்குப் பக்கத்தில் அடுத்த சிக்கல் நின்றது. துட்டி வீட்டுக்குப் போனால் குளிக்காமல் இன்னொரு வீட்டுக்குள் போகக் கூடாது.

"மாமா, அவர் செத்து இருநூறு வருஷம் ஆச்சு" என்றான் இசக்கிராஜா.

"நமக்கு இன்னைக்குத்தானே மாப்ள தெரியும்" என்றார் பலவேசம். "சேதி தெரிஞ்ச அன்னைக்குத்தான் தீட்டு."

அந்த நேரம் பார்த்து, புல்வெளிக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் ஒன்று தானாகச் சுற்ற ஆரம்பித்தது. கப்பல் வியாபாரியே தங்களுக்காக ஏற்பாடு செய்து வைத்த குளியல் அது என்று எண்ணி நாலு பேரும் அதற்குள் போய் நின்றார்கள். குளிர்காலம் தொடங்கியிருந்தது. பல் அடித்துக்கொண்டது. குழாய் சுற்றுகிற பக்கமெல்லாம் அவர்களும் சுற்றினார்கள்.

அன்று முதல் அந்தப் பயணம் இப்படித்தான் நடந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரர் செத்துப்போயிருந்தார். ஒரு நீதிபதி வீடு, ஒரு துப்பாக்கி செய்கிறவர் வீடு, ஒரு பாதிரியார் வீடு. ஒரு வீட்டிலாவது சொந்தக்காரர் உயிரோடு இருந்து வரவேற்றார் என்பது கிடையாது. அழுதார்கள், எழுந்தார்கள், குளித்தார்கள். இசக்கிராஜா வண்டியில் ஒரு பெரிய வாளியும் துண்டுகளும் வாங்கிப் போட்டுக்கொண்டான்.

கோமதிநாயகத்துக்குத்தான் உள்ளூரக் கவலை. மற்றவர்கள் அழ வந்தவர்கள்போல அழுதார்கள். அவர் படிக்க வந்தவர். எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் உற்றுப் பார்த்தார். பார்த்ததில் ஒன்றும் அவருக்குச் சரிப்படவில்லை. கட்டில் இருந்தது, யாரையும் படுக்க விடவில்லை. தட்டு இருந்தது, யாரையும் சாப்பிட விடவில்லை. வாசலுக்கு வாசல் ஒரு சிவப்புக் கயிறு. மேலே புகை வந்தால் கத்துகிற பெட்டி, கீழே ஈரம் வந்தால் கத்துகிற பெட்டி. அப்படியும் ஒரு வீட்டில் கூரையில் சாரம் கட்டி ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கயும் ஒழுகத்தான் செய்யுது அண்ணாச்சி" என்றார் பலவேசத்திடம். "இவ்வளவு செஞ்சும் ஒழுகுதுன்னா நம்ம சத்திரத்தை எப்படி வே காப்பாத்த? தை வந்தா இடிச்சிருவாவளே."

ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியது. அப்போதுதான் அந்தக் காரியம் நடந்தது.

ஒரு சின்ன ஊரில், கார் நிறுத்துகிற இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, இசக்கிராஜா காப்பி வாங்கப் போனான். அங்கே ஓரமாக ஒரு கல் நட்டிருந்தது. கல்லில் ஒரு பித்தளைத் தகடு. ஒரு வயசான தம்பதி அதன் முன்னால் நின்றார்கள். கிழவர் தொப்பியைக் கழற்றினார். கிழவி படம் எடுத்தாள். அவர்கள் போனதும் இன்னொரு குடும்பம் வந்து படம் எடுத்தது.

செண்பகராமன் கிட்டப் போய் எழுத்துக் கூட்டிப் படித்தார். "இந்த இடத்தில் இந்த ஊரின் முதல் சத்திரம் இருந்தது."

கோமதிநாயகம் முன்னால் ஓடி வந்தார். "சத்திரமா? நல்லாப் பாரும்."

"வழிப்போக்கர் தங்குத இடம்னு போட்டிருக்கு. சத்திரந்தான்."

"எங்க வே அது?"

நாலு பேரும் சுற்றிப் பார்த்தார்கள். கார்கள் இருந்தன. சத்திரம் இல்லை.

"இருந்ததுன்னு தானே போட்டிருக்கு" என்றாள் உலகம்மாள். "இருக்குன்னு போடலயே."

"அப்ப இல்லாததையா பாதுகாத்து வச்சிருக்காவ?" என்றார் கோமதிநாயகம்.

"ஆமா. தொப்பியைக் கழத்திட்டுல்லா கும்பிட்டுப் போறாவ."

பலவேசம் கல்லைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். தலைவருக்குரிய முறையில் தொண்டையைச் செருமிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"செம்பகம், இந்தச் சத்திரம் மழைக்கு ஒழுகுமா?"

"எது ஒழுக?"

"தீப்பிடிக்குமா?"

"எது பிடிக்க?"

"சுவரு வயிறு தள்ளுமா?"

"தள்ளவே தள்ளாது."

கோமதிநாயகம் மெதுவாக, பயந்துகொண்டே, தன் கேள்வியைக் கேட்டார். "அண்ணாச்சி, இதை யாராச்சும் இடிக்க முடியுமா?"

எவ்வளவு யோசித்தும், இதை இடிக்க ஒரு வழியும் நாலு பேருக்கும் தட்டுப்படவில்லை. கோட்டாட்சியர் வந்தாலும் முடியாது, கலெக்டரே வந்தாலும் முடியாது. கோமதிநாயகம் அந்தக் கல்லுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். இசக்கிராஜா காப்பியோடு திரும்பி வந்தபோது, இதுவும் துட்டிதான் என்று நினைத்து வாளியை எடுக்கப் போனான். வேண்டாம் மாப்ள, இது நல்ல காரியம் என்று பலவேசம் தடுத்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. தை பிறப்பதற்குள் பாதுகாத்தாக வேண்டும். முதல் கடப்பாரை கோமதிநாயகத்தின் கையில் இருந்தது. எந்தச் சத்திரத்தை இடிக்கப் போகிறார்கள் என்று கேட்டு அழுதாரோ, அதே சத்திரத்தின் ஓட்டைப் பிரித்தார், உத்தரத்தை இறக்கினார், சுவரைத் தள்ளினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை யாரும் பார்த்ததில்லை. கற்களையும் ஓடுகளையும் குளத்தங்கரையில் கொண்டுபோய் அடுக்கினார்கள். வெறும் தரையில் ஒரு கல்லை நட்டு, "இந்த இடத்தில் ஆவாரங்குளத்துச் சத்திரம் இருந்தது" என்று வெட்டினார்கள். சுற்றிலும் சிவப்புக் கயிறு கட்டினார்கள். போகிற வருகிறவர்கள் துண்டை எடுத்துக் கும்பிட்டுப் போனார்கள்.

எல்லாம் முடிந்த அன்று அந்தியில் கோமதிநாயகம் பழக்க தோஷத்தில் பூட்டப் போனார். சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கு வெளியே வெகுநேரம் நின்றார். பூட்ட ஒன்றும் இல்லை. சத்திரம்தான் பத்திரமாக இருக்கிறதே, நமக்கு ஏன் அழுகை வருகிறது என்று அவருக்கே புரியவில்லை.

தை பிறந்தது. கோட்டாட்சியர் அம்மா முகமெல்லாம் சிரிப்பாக ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே ஒரு பொறியாளரும் வந்தார்.

"நல்ல செய்தி கொண்டு வந்திருக்கேன். உங்க சத்திரத்தைப் பழுது பார்க்க அரசாங்கத்துல ஒத்துக்கிட்டாங்க" என்றவர், சுற்றும் முற்றும் பார்த்தார். "சத்திரம் எங்கங்க?"

"சிரமமே வேண்டாம் அம்மா" என்றார் பலவேசம், பணிவாக. "பழுதெல்லாத்தையும் நாங்களே எடுத்துட்டோம்."

அந்த அம்மா கல்லைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு ஜீப்பின் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். உலகம்மாள் ஓடிப்போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இதை யாரு இடிச்சா?"

"நாங்கதான் அம்மா" என்றார் கோமதிநாயகம். "யாரும் இடிச்சிரக் கூடாதேன்னுதான் இடிச்சோம்."

அந்த அம்மா மோரைக் குடித்து முடித்தார். கோமதிநாயகத்தின் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு இரக்க குணம் கொஞ்சம் அதிகம். இந்த ஊருக்கு அது ஆகாது என்று அவருக்கு அதுவரை தெரியாது.

"கல்லு, ஓடு எல்லாம் இருக்குல்ல? சித்திரைக்குள்ள திருப்பிக் கட்டுங்க. சத்திரம் எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். ஒரு கல்லு மாறக் கூடாது, ஒரு ஓடு மாறக் கூடாது. நான் வந்து பார்ப்பேன்."

கோமதிநாயகத்துக்கு உயிர் திரும்பி வந்தது. மறுநாளே தென்காசியிலிருந்து கொத்தனார் வந்தார். சுவர் எழும்பியது. கொத்தனார் வடக்குச் சுவரைத் தூக்குக்குண்டு விட்டு நேராக எழுப்பி வைத்தார். கோமதிநாயகம் வந்து பார்த்துத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"என்ன கொத்தனாரே, இப்படிக் கெடுத்துட்டீரே. வயிறு எங்க?"

"என்ன வயிறு?"

"சுவருக்கு வயிறு உண்டும்லா. அப்படியே இருக்கணும்னு அம்மா சொல்லியிருக்காவ."

கொத்தனார் தன் வாழ்நாளில் நேரான சுவரை இடித்துக் கோணலாகக் கட்டியது அந்த ஒரு முறைதான். வயிற்றுக்குப் பிறகு பிளவு. பிளவு எப்படி இருந்தது என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. நேராக இறங்கி வலது பக்கம் திரும்பியது என்றார் பலவேசம். இடது பக்கம் திரும்பியது என்றார் செண்பகராமன். உலகம்மாள்தான் தீர்த்து வைத்தாள். அந்தப் பிளவில் ஒரு பல்லி குடியிருந்தது, அது எப்போதும் தன் இட்லிக் கடையைப் பார்த்துத்தான் எட்டிப் பார்க்கும், ஆகவே இடது பக்கம்தான் என்றாள். இடது பக்கமாகவே பிளந்தார்கள்.

ஒழுகலுக்குக் கோமதிநாயகம் ஒருவர்தான் சாட்சி. தரையில் எங்கெங்கே வாளி வைப்பாரோ அங்கங்கே வாளியை வைத்தார். செண்பகராமன் கூரை மேல் ஏறிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். கீழே கோமதிநாயகம் அண்ணாந்து நின்றார். எல்லா வாளியிலும் சொட்டியது, கிழக்கு மூலை வாளியில் மட்டும் சொட்டவில்லை. கொத்தனார் மேலே ஏறி ஒரு ஓட்டை நகர்த்தினார். சொட்டியது. கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன உயிர்கூட இப்படித் திரும்பி வராது என்று தோன்றியது அவருக்கு.

கடைசியாகக் கதவை மாட்டி, பூட்டைத் தொங்கவிட்டார்கள். அந்தியில் கோமதிநாயகம் பூட்டினார். காலையில் திறந்தார். உலகத்தில் இனி அவருக்கு ஒரு குறையும் இல்லை.

சித்திரையில் கோட்டாட்சியர் அம்மாவும் பொறியாளரும் வந்தார்கள். சத்திரம் அசல் சத்திரமாகவே நின்றது. பொறியாளர் வடக்குச் சுவரை விரலால் ஒரு தட்டு தட்டினார். ஒரு கல் அவர் காலடியில் வந்து விழுந்தது. கூரை வழியாக வானத்தைப் பார்த்தார். பிறகு வேகமாக வெளியே நடந்தார், வாசலுக்கு வந்ததும் ஓடினார்.

"மேடம், உள்ள யாரையும் விடாதீங்க. நாளைக்கு நிக்குமான்னே சந்தேகம்."

அந்த அம்மா நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு கல்லு மாறலம்மா" என்றார் பலவேசம், நெஞ்சை நிமிர்த்தி.

அந்த அம்மாவுக்கு வேறு வழி இல்லை. ஜீப்பில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு கையை அசைத்தார். உடன் வந்த பியூன் பசையும் காகிதமும் எடுத்துக்கொண்டு இறங்கினார். ஆபத்தான கட்டடம், இடிக்கப்படும் என்று கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினார். நாலு பேரும் கூடி நின்று அதைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லார் முகத்திலும் சந்தோஷம்.

"இது ஒண்ணுதான் வே குறைஞ்சுது" என்றார் செண்பகராமன். "பழைய சத்திரமேதான்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டுல்லா."

கோமதிநாயகம் மட்டும் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கி, காகிதத்தை அளந்தார்.

"தம்பி, கோவிச்சுக்கிடாதீங்க. ஒரு சாண் இடது பக்கம் தள்ளி ஒட்டணும். முன்னால அங்கதான் இருந்துச்சு."

பியூன் உரித்து மாற்றி ஒட்டினார். இப்போது சரியாக இருந்தது. ஆனாலும் என்னவோ உறுத்தியது. உலகம்மாள்தான் கண்டுபிடித்தாள்.

"பழைய காகிதத்துல கீழ் மூலையை ஆடு தின்னிருந்துச்சே."

"நம்ம சுடலி வீட்டு ஆடு" என்றார் பலவேசம். "கொண்டாங்க அதை."

"அதைக் கோயில் கொடைக்கு வெட்டியாச்சே அண்ணாச்சி" என்றார் செண்பகராமன்.

வேறு ஆட்டை விட்டுத் தின்ன வைத்தால் அசலாகுமா? கோமதிநாயகம் பதறிப்போய்ச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கரை சேர்கிற நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே என்று புலம்பினார். பலவேசம் கேட்டார்.

"அதுக்குக் குட்டி ஒண்ணு இருக்குல்லா?"

குட்டியைக் கொண்டு வந்தார்கள். அது காகிதத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. புதுக் காகிதம், புதுப் பசை, பழகட்டும் என்று அதைக் கதவுக்குப் பக்கத்திலேயே கட்டிப்போட்டார்கள். அது பசியெடுத்து அந்த மூலையைத் தின்கிற வரைக்கும் இடிக்க வர வேண்டாம் என்று பியூனிடம் கேட்டுக்கொண்டு, கோமதிநாயகம் உள்ளே போய் வாளிகளை அதனதன் இடத்தில் வைக்க ஆரம்பித்தார்.